வேலையில் இருந்துகொண்டே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கலாமா?

வேலைக்குப் போய்க்கொண்டே, வார இறுதிகளில் அக்கம்பக்கத்தாருக்குத் தேவைக்கேற்ற கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் சிறு தொழிலைத் தொடங்கலாமா, நண்பர்களுக்கு ஆறேழு மெஷின் செய்து கொடுத்த அனுபவம் அதற்குப் போதுமா, ஒரு மெஷினில் எவ்வளவு லாபம் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் தொடங்கலாம். ஆறேழு மெஷின் செய்த கைக்கு அசெம்பிள் வேலை பெரிய விஷயமில்லை. நானும் ஒரு வேலையில் இருந்துகொண்டுதான் ஒன்பது வருடம் இதைச் செய்தேன். ஆனால் உங்கள் மூன்றாவது கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாகங்களின் மேல் ஒரு தொகை ஏற்றி வைத்தால் அதுவே லாபம் என்று நினைத்துத் தொடங்கிய பலர், வருடம் திரும்புவதற்குள் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருவது, நாளைக்கு ஏதாவது ஆனால் கூப்பிட ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்காக. அந்தப் பொறுப்புக்குத்தான் நீங்கள் காசு வாங்க வேண்டும். அதை வாங்கத் தெரியாவிட்டால், அந்த வேலையைக் காசில்லாமல் செய்துகொண்டே இருப்பீர்கள்.

1984-ல் மைக்கேல் டெல் கல்லூரியில் படித்துக்கொண்டே தன் அறையிலிருந்து பிசிஸ் லிமிடெட் என்ற பெயரில் கம்ப்யூட்டர் விற்கத் தொடங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்குக் கடையில் விற்ற கம்ப்யூட்டரின் விலைக்கும், அதற்குள் இருந்த பாகங்களின் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில்தான் அவர் நுழைந்தார். இன்றைக்கு அது இல்லை. நீங்கள் கொட்டேஷன் கொடுத்த அடுத்த நிமிடமே வாடிக்கையாளர் தன் போனில் ஒவ்வொரு பாகத்தின் விலையையும் தட்டிப் பார்த்துவிடுவார். மொத்தமாக வாங்கும் பெரிய கடைக்காரரோடு நீங்கள் விலையில் போட்டி போட முடியாது. போடவும் வேண்டாம்.

அதனால் நான் செய்தது இதுதான். பாகங்களின் பில்லை அப்படியே வாடிக்கையாளரிடம் காட்டிவிடுவேன். அதற்குக் கீழே தனி வரியில் என் கூலி. இரண்டையும் கலந்து மறைக்கவே கூடாது. மறைத்தால் அவர் கண்டுபிடிப்பார், அந்த நாளோடு நம்பிக்கை போய்விடும். கூலி எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரு மெஷினுக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் போகிறது என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள். எனக்கு வாடிக்கையாளரோடு பேச ஒன்றரை மணி, பாகங்களைத் தேர்ந்து பொருத்தம் பார்க்க இரண்டு மணி, வாங்கிவர ஒன்று, அசெம்பிள் செய்ய மூன்று, விண்டோஸும் டிரைவர்களும் போட இரண்டு, கொண்டுபோய் வைத்துக் காட்ட இரண்டு என்று போகும். அதோடு முதல் வருடத்தில் வரும் போன்களுக்கும் ஓரிரு நேரில் போகும் தடவைகளுக்கும் நாலு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். நீங்கள் நினைத்திருக்கும் லாபத்தை அந்த மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். இப்போது பார்க்கும் வேலையில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பதைவிட ரொம்பக் குறைவாக வந்தால், கூலியை ஏற்ற வேண்டும். இல்லையென்றால் இது பொழுதுபோக்கு என்று ஒத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

யாருக்குச் செய்து கொடுப்பது? முதலில் வருபவர்கள் கேம் விளையாடும் இளைஞர்கள்தான். ஆர்வமானவர்கள், அவர்களோடு பேசுவதே சந்தோஷம். ஆனால் பாதி விஷயம் அவர்களுக்கே தெரியும், விலையைக் கடைசி நாணயம் வரைக்கும் பேசுவார்கள், ஆறு மாதம் கழித்துத் தானே பிரித்து மாட்டக் கற்றுக்கொள்வார்கள். தொழில் நிலைப்பது வேறு ஆட்களால். கணக்கு எழுதுபவர், போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், வீடியோ எடிட் செய்பவர், வீட்டு வரைபடம் போடுபவர், நாலைந்து மேஜை உள்ள சின்ன அலுவலகம். மெஷின் நின்றால் இவர்களுக்கு அன்றைய வருமானமே நின்றுவிடும். இவர்கள் அதிகம் பேரம் பேசுவதில்லை. "நாளைக்கு நீங்களே வந்து பார்ப்பீர்களா?" என்று மட்டும் கேட்பார்கள்.

இந்த ஆட்களிடம் போகும்போது பாகங்களின் பெயரை வாயில் எடுக்காதீர்கள். அவர் வேலை செய்வதைப் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒருமுறை கணக்கு எழுதும் ஒருவர், பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷின் வேண்டும் என்று கேட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். பார்த்தால் அவருடைய பிரச்சினையே வேறு. திரையில் ஒரே நேரத்தில் இரண்டு கணக்குத் தாள்களை வைத்துக்கொள்ள இடம் இல்லை, ராம் போதாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்போதெல்லாம் மெஷின் திணறுகிறது, பழைய ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போடுகிறது. உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ஒரு நடுத்தர பிராசசர், 32 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, இரண்டு மானிட்டர். அவர் நினைத்து வந்த தொகையில் பாதிதான் ஆனது. மிச்சத்தில் ஒரு யுபிஎஸ்ஸும் பேக்கப் எடுக்க வெளியே மாட்டும் டிரைவும் வாங்கச் சொன்னேன். அவர் வழியாக மட்டும் அடுத்த மூன்று வருடத்தில் எனக்கு ஏழு ஆர்டர் வந்தது.

இப்படிக் கார்டு இல்லாமல் மெஷின் செய்யும்போது பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்க மறக்காதீர்கள். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5000 வரிசை வரைக்கும் எண்ணுக்குப் பின்னால் 'ஜி' வருபவற்றில்தான் இருக்கும். 7000 வரிசையிலிருந்து பெரும்பாலானவற்றில் எளிய கிராபிக்ஸ் உண்டு, அங்கேயும் 'எஃப்' வந்தால் இல்லை. கொஞ்சம் விலை குறைவு என்று எஃப் வாங்கிவிட்டு, எல்லாம் மாட்டி முடித்த பிறகு திரை கறுப்பாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

புது மெஷின் தேவையே இல்லாதவர்களும் வருவார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, நம்பகமான மென்பொருளை மட்டும் கொண்டு மெஷினைத் தொடங்கும் செக்யூர் பூட், இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 அல்லது அதற்குப் பிறகு வேண்டும். 'உங்கள் கம்ப்யூட்டர் தகுதியானதல்ல' என்ற செய்தியைப் பார்த்துப் பதறி வருபவர்களில் சிலருக்கு டிபிஎம் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடி மதர்போர்டை இயக்கும் மென்பொருள்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். இன்டெல் போர்டுகளில் அது பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும். அதை ஆன் செய்தால் வேலை முடிந்தது. அதற்கு ஒரு சின்னக் கூலி வாங்குங்கள். அவர் உங்களை மறக்க மாட்டார். இந்த மாதிரி மேம்படுத்தும் வேலைகளும், பழைய மெஷினுக்கு எஸ்எஸ்டி போடுவதும், தூசி தட்டி, பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதும்தான் ஆர்டர் இல்லாத மாதங்களில் கையில் கொஞ்சம் காசு புரள வைக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். கையிருப்பாகப் பாகங்களை வாங்கி அடுக்காதீர்கள். கம்ப்யூட்டர் பாகங்கள் பெரும்பாலும் வைத்திருக்க வைத்திருக்க மதிப்பு குறையும் சரக்கு. பாகங்களின் முழுத்தொகையையும் அட்வான்ஸாக வாங்கிய பிறகுதான் ஆர்டர் போட வேண்டும். கூலியை மெஷின் கொடுக்கும் அன்று வாங்கிக்கொள்ளலாம். நண்பருடைய நண்பர், சொந்தக்காரர் என்று யாருக்கும் இதில் விலக்கு வேண்டாம். ஒரே ஒரு ஆள் "அடுத்த மாதம் தருகிறேன்" என்று இழுத்தாலே நாலு மெஷினின் கூலி போய்விடும்.

கொட்டேஷனில் 'இந்த விலை மூன்று நாளைக்கு மட்டும்' என்று கண்டிப்பாக எழுதுங்கள். 2021-ல் கிரிப்டோ மைனிங்காலும் சிப் தட்டுப்பாட்டாலும் கிராபிக்ஸ் கார்டு விலை எங்கேயோ போனது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதால் ராம் விலை மளமளவென்று ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குருஷியல் என்ற பெயரில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் சொன்ன விலைக்கே மெஷின் வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால், எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால், அந்த வித்தியாசம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

முடிந்தவரை பாகங்களை வாடிக்கையாளர் பெயரிலேயே பில் போட்டு வாங்குங்கள். வாரண்டிக்கு அது நல்லது. சிலர் தாங்களே பாகங்களை வாங்கிவந்து, மாட்டிக் கொடுத்தால் போதும் என்பார்கள். செய்யலாம். ஆனால் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டாலும், வந்த பொருளே பழுதாக இருந்தாலும் அது உங்கள் பொறுப்பில்லை என்பதைக் கை வைக்கும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். பழைய கிராபிக்ஸ் கார்டு கொண்டுவந்தால் முதலில் அதைத் தனியாகச் சோதித்து, விசிறி, வெப்பநிலை இரண்டையும் அவர் கண் முன்னாலேயே காட்டிவிடுவது உத்தமம்.

பாகங்களைப் பற்றி நீண்ட பட்டியல் கொடுக்கப் போவதில்லை, ஆறு மாதத்தில் அது பழசாகிவிடும். இரண்டு விஷயம் மட்டும். முதலாவது, உங்களுக்கென்று பழகின பாகங்கள் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் புதுப் போர்டு, புதுக் கேபினெட் என்று போகாமல், இரண்டு மதர்போர்டு, இரண்டு பவர் சப்ளை, இரண்டு கேபினெட் மாடல் என்று சுருக்கிக்கொண்டால் அவற்றின் குணம் உங்களுக்கு அத்துப்படியாகிவிடும். எந்த எம்.2 இடத்தில் (எஸ்எஸ்டியைப் போர்டிலேயே நேராகச் செருகும் இடம்) டிரைவ் போட்டால் எந்த சாட்டா போர்ட் (ஒயர் வழியாக டிரைவ் மாட்டும் இடம்) செத்துவிடும், பயாஸில் எந்த மெனுவுக்குள் எது இருக்கிறது என்பதெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். இரவு பத்து மணிக்கு ஒருவர் கூப்பிடும்போது அதன் அருமை தெரியும்.

இரண்டாவது, பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெட்டியில் 80 பிளஸ் கோல்டு என்று போட்டிருப்பதை நிறைய பேர் தரச்சான்று என்று நினைக்கிறார்கள். 2004-ல் தொடங்கிய அந்தத் திட்டம் அளப்பது, உள்ளே வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் மெஷினுக்குப் போகிறது என்பதை. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் எப்படிப்பட்டது, திடீரென்று லோடு ஏறினால் வோல்டேஜ் ஆடாமல் நிற்குமா, ஷார்ட் ஆனால் சட்டென்று நிற்குமா என்பதை அது சொல்லாது. பிரித்துப் போட்டுச் சோதிக்கும் விமர்சனங்களைப் படித்து, வாரண்டி எத்தனை வருடம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பவர் சப்ளை என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தொடங்கிய இரண்டாம் வருடம். ஒரு போட்டோகிராபரின் மெஷினில் பவர் சப்ளை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. பழையதும் மாடுலர், அதாவது ஒயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை, புதியதும் மாடுலர். கேபினெட்டுக்குப் பின்னால் அழகாகக் கட்டி வைத்த ஒயர்களைப் பிரிக்க மனசில்லாமல், பழைய ஒயர்களை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பெட்டியில் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன். ஒரு சின்ன 'டிக்' சத்தம், லேசான தீய்ந்த வாடை, அவ்வளவுதான். இரண்டு ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டன. டிரைவ் பக்கம் இருக்கும் கனெக்டருக்குத்தான் பொதுவான வரையறை உண்டு. பவர் சப்ளை பக்கம் எந்த முனையில் எத்தனை வோல்ட் என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு, சில சமயம் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கே வேறு. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போயிருக்கிறது. அவரிடம் வேறு பிரதி இருந்ததால் படங்கள் தப்பின. இரண்டு டிஸ்க்கையும் என் காசில் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பவர் சப்ளையோடு வந்த ஒயரை மட்டும்தான் அதில் மாட்டுவேன். வேறு யாருடைய மெஷினைத் தொடுவதாக இருந்தாலும், பேக்கப் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றால் முதலில் அதை எடுத்து முடித்த பிறகுதான் ஸ்குரூவைக் கழற்றுவேன்.

அசெம்பிள் வேலை உங்களுக்குத் தெரியும் என்பதால் அதில் அதிகம் நிற்க வேண்டாம். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா, போர்டுக்கு அடியில் வேண்டாத இடத்தில் அதைத் தாங்கும் ஸ்டாண்ட்ஆஃப் திருகு நிற்கிறதா, இரண்டு ராம் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டிலும் நாலாவதிலும் இருக்கிறதா, புது கிராபிக்ஸ் கார்டுகளின் பதினாறு முனை பவர் கனெக்டர் கடைசி வரை இறங்கியிருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டுப் பாருங்கள். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு வந்த புதிதில் அந்தக் கனெக்டர்கள் உருகியதற்கு, முழுசாகச் செருகப்படாததும் ஒரு காரணம்.

டிடிஆர்5 வகை ராம் போட்ட மெஷினை முதல் முறை ஆன் செய்யும்போது பொறுமை வேண்டும். விசிறிகள் சுற்றும், போர்டில் ராமுக்கான சின்ன விளக்கு எரிந்தபடியே நிற்கும், திரையில் ஒன்றும் வராது. ஒரு நிமிடம் போகும், மூன்று நிமிடம் போகும். போர்டு ராமோடு ஒத்துப்போகும் வேகத்தையும் நேரக்கணக்கையும் பழகிக்கொண்டிருக்கிறது. தெரியாதவர்கள் இந்த இடத்தில் பயந்து அணைத்து, ராமைக் கழற்றி மாட்டி, மறுபடி ஆன் செய்து, மறுபடி அதே மூன்று நிமிடத்தைத் தொடங்கிவைப்பார்கள். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ராமை அதில் எழுதிய வேகத்திலேயே ஓடவைக்கும் அமைப்பு) ஆன் செய்ய மறக்காதீர்கள். 6000 என்று எழுதிய ராம், அதைச் செய்யாவிட்டால் 4800 போன்ற குறைந்த வேகத்திலேயே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் கொடுத்த காசுக்கு அது நியாயமில்லை.

இந்தத் தொழிலில் நல்லவரையும் சுமாரானவரையும் பிரிப்பது சோதனை. எலெக்ட்ரானிக் பொருள் பெரும்பாலும் ஒன்று ஆரம்பத்திலேயே பழுதாகும், இல்லை பல வருடம் ஓடித் தேய்ந்து பழுதாகும். அந்த ஆரம்பப் பழுது வாடிக்கையாளர் வீட்டில் தெரியக்கூடாது, உங்கள் மேஜையிலேயே தெரிந்துவிட வேண்டும். அதனால் எந்த மெஷினையும் குறைந்தது ஒரு முழு நாள் ஓடவிடாமல் வெளியே அனுப்பாதீர்கள். முதலில் இரவு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நாலு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் திரும்பிப் போக வேண்டும், 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. ராம் பிழை சும்மா மெஷினை நிறுத்தாது, கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும். காலையில் ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளை வைத்து பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் லோடு. அப்போது ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கேபினெட் மூடியை மாட்டிய நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். திறந்து வைத்து அளந்த வெப்பநிலை யாருக்கும் பயன்படாது.

பயாஸை அப்டேட் செய்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில அளவுக்கு மீறிய வோல்டேஜால் கெட்டுப்போன விவகாரம் 2024-ல் பெரிதாக வெடித்தது. ஆகஸ்டில் மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தம் வந்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். அந்தத் திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வரும். சாதாரண வாடிக்கையாளர் தானாகப் பயாஸைத் தொட மாட்டார். நீங்கள் போட்டுக் கொடுக்காவிட்டால் அந்த மெஷினுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. கடையில் நாளாக இருந்த போர்டு, அதற்குப் பின்னால் வந்த பிராசசரை அடையாளம் காணாமலும் நிற்கும். பிராசசர் இல்லாமலே யுஎஸ்பி டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டாகப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான்.

விண்டோஸ் விஷயத்தில் கறாராக இருங்கள். கிராக் செய்த விண்டோஸ் போட்டுத் தரச் சொல்லி நிறைய பேர் கேட்பார்கள். போடாதீர்கள். சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். விண்டோஸை ஏமாற்றித் திறக்கும் அந்த ஆக்டிவேட்டரோடு என்ன சேர்ந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாத ஒரு மெஷினுக்கு நீங்கள் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? ஓஇஎம் லைசென்ஸ் (புது மெஷினோடு சேர்த்து விற்பது) அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது, அதை வைத்து மெஷின் விற்றால் விண்டோஸுக்கு உதவி செய்யும் கடமையும் உங்களுக்கு வந்துவிடும். தனியாக விற்கும் ரீடெய்ல் லைசென்ஸை வேறு மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம். வித்தியாசத்தை வாடிக்கையாளருக்கு விளக்கிவிட்டு, லைசென்ஸ் தொகையையும் பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள். இணையமும் ஆவணங்களும் மட்டும் போதும் என்பவருக்கு லினக்ஸைக் காட்டிப் பாருங்கள், சிலருக்குப் பிடித்துவிடும்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று, இப்போது அடிக்கடி வரும் தலைவலி. விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக இன்ஸ்டால் செய்தால் பல மெஷின்களில் டிரைவ் தானாகவே என்கிரிப்ட் ஆகி, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. பிறகு பயாஸில் டிபிஎம்மைத் தொட்டாலோ மதர்போர்டை மாற்றினாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் எந்தக் கணக்கு, எந்தப் பாஸ்வேர்டு என்பது அவருக்கு மறந்திருக்கும். மெஷின் கொடுக்கும் அன்றே அவரை உட்காரவைத்து, அவர் கணக்கிலேயே நுழைந்து, அந்த எண்ணைத் தாளில் எழுதி அவரிடமே கொடுத்துவிடுங்கள். உங்களிடம் அதன் பிரதி வைத்துக்கொள்ள வேண்டாம்.

வாரண்டியை வாய் வார்த்தையாக விட்டால் அது ஆயுள் முழுக்க நீளும். ஒரு பக்கத் தாள் போதும். பாகங்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் வாரண்டி, அதை வாங்கித் தர அலைவது முதல் வருடம் இலவசம், அதன் பிறகு கூலி. அசெம்பிள் வேலையில் குறை என்றால் ஒரு வருடம் வரை உங்கள் பொறுப்பு. வைரஸ், தெரியாமல் அழித்த கோப்பு, பிரிண்டர் வேலை செய்யாதது இதெல்லாம் தனிக் கூலி. எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்பதையும் அதில் எழுதுங்கள். உங்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். வேலை நாட்களில் மாலை ஏழுக்கு மேல், அவசரம் என்றால் மெசேஜ், மறுநாளுக்குள் பதில் என்று எழுதி, எழுதியபடியே நடந்துகொண்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வாரண்டிக்குப் போன பாகம் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தக் கணக்கு எழுதுபவர் என்ன செய்வார்? கையில் இருக்கும் முதலீட்டுப் பணத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு நல்ல பவர் சப்ளை, ஒரு ஜோடி ராம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு சாதாரண கிராபிக்ஸ் கார்டு. இவை விற்பதற்கு இல்லை, இரவல் கொடுப்பதற்கு. பழுது கண்டுபிடிக்கும்போது மாற்றி மாட்டிப் பார்க்கவும் இவைதான் உதவும். பெரிய கடைக்காரர் செய்யாத, செய்ய முடியாத ஒரே காரியம் இது. இரவல் பாகத்தோடு அன்று மாலையே மெஷினை ஓடவைத்துக் கொடுத்துவிட்டால், அவர் உங்கள் கூலியைப் பற்றி அப்புறம் ஒரு நாளும் பேச மாட்டார்.

கொண்டுபோய்க் கொடுப்பதிலும் வேலை இருக்கிறது. கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துப் போங்கள், குலுங்கிக் குலுங்கி ஸ்லாட்டே உடைந்த மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். போய் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிவிடாமல், மானிட்டர் ஒயரை நீங்களே கார்டின் பின்னால் மாட்டுங்கள். அவராக மாட்டினால் மதர்போர்டில் இருக்கும் ஹெச்டிஎம்ஐயில் மாட்டிவிட்டு, இவ்வளவு செலவு செய்தும் கேம் திணறுகிறதே என்று வருத்தப்படுவார். 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றும்) மானிட்டர் வாங்கியவருக்கு விண்டோஸ் செட்டிங்கில் அது 60-லேயே நின்றுகொண்டிருக்கும், அதை மாற்றிக் காட்டுங்கள். பாகங்களின் காலிப் பெட்டிகளையும் பில்களையும் அவரிடம் ஒப்படைத்து, வாரண்டிக்கு அவை வேண்டும் என்று சொல்லுங்கள். பழைய மெஷினிலிருந்து கோப்புகளை மாற்றியிருந்தால், அந்தப் பழைய டிரைவை ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன ஏதாவது ஒன்று மூன்றாம் வாரத்தில்தான் ஞாபகம் வரும்.

இப்போது பார்க்கும் வேலையின் ஒப்பந்தத்தில் வெளித்தொழில் செய்யக்கூடாது என்று இருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். பதிவு, வரி, காப்பீடு இவையெல்லாம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், கணக்காளர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவழித்துத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆர்டரிலிருந்தே இதற்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால், வருடக் கடைசியில் குழப்பம் இருக்காது.

மாதத்துக்கு எத்தனை மெஷின் எடுக்கலாம் என்றால், வேலையில் இருப்பவருக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. விற்ற மெஷின்கள் சேரச் சேர, அவற்றுக்கு வரும் போன்களும் சேரும் என்பதை மறந்து அகலக்கால் வைக்கக்கூடாது. ஐம்பது மெஷின் வெளியே இருக்கும்போது, புதிதாக ஒன்றும் விற்காத வாரத்திலும் உங்களுக்கு வேலை இருக்கும். முதல் ஆர்டரை மாதக் கடைசியில், அவசரமில்லாத, உங்களுக்கு ஓரளவு தெரிந்த ஒருவரிடம் எடுங்கள். ஆனால் அவருக்கும் கொட்டேஷன், அட்வான்ஸ், வாரண்டித் தாள் எல்லாம் உண்டு, கூலியும் முழுசாக.

ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பெயர், கொடுத்த தேதி. கீழே ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பர், வாரண்டி முடியும் தேதி, பயாஸ் பதிப்பு, மெம்டெஸ்ட் முடிவு, லோடில் பிராசசரும் கார்டும் எத்தனை டிகிரி. அடியில் பாதிப் பக்கம் காலியாக விடுங்கள். ஒரு மாதம் கழித்து நீங்களாகவே அவரைக் கூப்பிட்டு, மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டு, அவர் சொல்வதை அங்கே எழுதுங்கள்.